ரசமட்டம் வாங்குகிறவர்கள் கடையிலேயே அதைத் திருப்பிப் பாருங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். என் பையில் லேசர் மட்டமும் உண்டு, கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலியும் உண்டு. இருந்தாலும் நான் அதிகம் கையில் எடுப்பது காற்றுக்குமிழி ஓடும் சாதாரண மட்டங்களைத்தான். இரண்டடி அலுமினிய ரசமட்டம், ஒரு சாண் நீளத்தில் காந்தம் வைத்த குட்டி மட்டம், நூலில் தொங்கவிடும் மட்டம், வட்டக் குமிழி மட்டம், இவற்றோடு குமிழியே இருக்கக் கூடாத தண்ணீர் டியூப். எதை வாங்கலாம், எது வீண் செலவு, வாங்கியதை வைத்து வாட்டத்தை, அதாவது தண்ணீர் வடிய விடும் சாய்வை, எப்படி அளப்பது என்று வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பயன்படுத்திப் பார்த்த அளவில் என் கருத்தை எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டடி ரசமட்டத்தை வாங்குங்கள். ஓரடி மட்டம் கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் தரையில் உள்ள சின்ன மேட்டையும் பள்ளத்தையும்கூடச் சாய்வு என்று காட்டிவிடும். நாலடி மட்டம் கதவு நிலை வைக்கவும் சுவர்ப் பூச்சைச் சரிபார்க்கவும் அருமையானது. குளியலறைக்குள் அதைத் திருப்ப இடம் இருக்காது. இரண்டடி எல்லா இடத்துக்கும் போகும். என்னிடம் இருப்பது செவ்வகக் குழாயாக நான்கு பக்கமும் மூடிய அலுமினிய உடல் கொண்டது. நடுவில் ஒற்றைத் தகடும் மேலும் கீழும் பட்டையும் உள்ள வகையும் கிடைக்கிறது. அதன் எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் சாரத்திலிருந்து கீழே விழுந்தே தீரும் பொருள் இது. விழுந்த பிறகும் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது மூடிய உடல்தான் என்பது என் அனுபவம். அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெயின்ட் பூசி விட்டதைவிட, இயந்திரத்தில் இழைத்துப் பளபளவென்று வெறும் உலோகமாக இருக்கும் விளிம்பு நம்பகமானது. பரப்பைத் தொடுவது அந்த விளிம்புதானே.

குமிழி இருக்கும் குழாய் பார்ப்பதற்கு நேராகத் தெரியும். உட்புறம் நேரல்ல. நடுவில் மிக மெல்லிய மேல்வளைவு உண்டு; குமிழி அந்த வளைவின் உச்சிக்குப் போய் நிற்கிறது. உள்ளே நேராக இருந்திருந்தால் மயிரிழைச் சாய்வுக்கே ஒரு கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டிருக்கும். வளைவு எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நுட்பமாகச் சாய்வு தெரியும். பட்டறைகளில் லேத் இயந்திரத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் நுட்பமான மட்டங்களில், குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு என்று கணக்கு. கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. இருந்தால், அந்தக் குழாயின் வளைவு 100 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தின் ஒரு துணுக்கு. கொத்து வேலைக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். குமிழி நிலைக்கு வருவதற்குள் கலவை இறுகிவிடும். பிரான்ஸைச் சேர்ந்த மெல்கிசெதேக் தெவெனோ 1661-ஆம் ஆண்டையொட்டி இந்தக் கருவியை உருவாக்கியபோது குழாயில் ஆல்கஹாலை நிரப்பினார். அது குளிரில் உறையாது. தண்ணீர் செய்வதுபோல் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு குமிழியை மறிக்காது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த அமைப்பில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

உடலின் பக்கவாட்டில் மீட்டருக்கு 0.5 மி.மீ. என்றோ 1 மி.மீ. என்றோ அச்சிட்டிருப்பார்கள். பத்தடிச் சுவர் ஏறத்தாழ 3 மீட்டர். முதல் வகையில் அந்த நீளத்துக்கு ஒன்றரை மி.மீ. வரை பிசகலாம், இரண்டாவதில் 3 மி.மீ. வரை. பூச்சு வேலைக்கு இரண்டுமே போதும். கதவு நிலை, கிரானைட் மேடை, சுவர் அலமாரி என்று வந்துவிட்டால் முதல் வகையை எடுங்கள். ஆனால் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அந்த எண் உங்கள் கையில் இருக்கும் மட்டத்துக்கும் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

மட்டத்தைக் கடை மேசையின் மீது வையுங்கள். மேசை மட்டமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. குமிழி எந்தக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். மட்டத்தின் இரு முனைகளும் மேசையில் எங்கே இருக்கின்றன என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மட்டத்தை அதே இடத்தில் இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். இடது முனை இருந்த இடத்தில் வலது முனை வர வேண்டும். குமிழி முன்பு வாசல் பக்கம் சற்றுத் தள்ளி நின்றிருந்தால், இப்போதும் வாசல் பக்கமே அதே அளவு தள்ளி நிற்க வேண்டும். அப்படி நின்றால் மேசைதான் சாய்ந்திருக்கிறது, மட்டம் நல்ல மட்டம். குமிழி இடம் மாறினால் மட்டத்தில் பிழை. செங்குத்தைக் காட்டும் குழாயையும் இப்படியே, சுவரில் முதலில் ஒரு விளிம்பையும் பிறகு அதே இடத்தில் மறு விளிம்பையும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பலர் படுக்கைக் குமிழியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். பிறகு நிலை வைக்கும்போது தூக்குக்குண்டு ஒன்று சொல்கிறது, மட்டம் வேறொன்று சொல்கிறது.

நான் வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பவர் பெரியவர். முதல் தடவை நான் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி வைத்துப் பார்த்தபோது, “எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதானம்மா, எதை எடுத்தாலும் ஒன்றுதான்” என்றார். பிறகு அவரே எழுந்து வந்து கூட நின்று பார்த்தார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவற்றில் சில நன்றாக நின்றன, சில நிற்கவில்லை. இப்போது அவரே வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் காட்டித்தான் கொடுக்கிறார். அந்தக் கடையை நான் விடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணையத்தில் வாங்கும்போது இந்த வசதி இல்லை. அப்படி வரவழைத்த ஒரு மட்டத்தைத் திருப்பி வைத்தபோது, ஒரு முனைக்குக் கீழே 3 மி.மீ. கனத்துக்கு அட்டை செருகினால்தான் குமிழி பழையபடி நின்றது. திருப்பும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் அதில் பாதி, அதாவது ஒன்றரை மி.மீ., அந்த மட்டத்தின் பிழை. இரண்டடிக்கு ஒன்றரை என்றால் பத்தடிக்கு 7 மி.மீ.க்கு மேல். அது மீட்டருக்கு 0.5 என்று அச்சிட்டிருந்த மட்டம்! திருப்பி அனுப்பிவிட்டேன். குமிழிக் குழாயைத் திருகாணியால் சரிசெய்துகொள்ளும் வகையும் கிடைக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலவைச் சட்டியில் போட்டு எடுக்கும் இடத்தில் திருகாணி எப்போது தளரும் என்று யாருக்கும் தெரியாது. கெட்டியான அக்ரிலிக் கட்டைக்குள் குடைந்து செய்த குமிழி அறை, உடலோடு அசையாமல் பதிந்திருந்தால் போதும்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் கிடந்த மட்டத்தை எடுத்தால் குமிழி சிறுத்திருக்கும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் விரிவதால் குமிழிக்கு இடம் குறைகிறது. மட்டம் கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை. குமிழியின் இரு முனைக்கும் கோடுகளுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குமிழி கோட்டைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மட்டத்தின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்திருந்தால், சற்று நேரம் நிழலில் வைத்துவிட்டு எடுப்பது நல்லது.

இனி வாட்டம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மட்டமாக இருக்க வேண்டியதை மட்டமாக வைப்பதில் நம் கொத்தனார்கள் கைதேர்ந்தவர்கள். சாய வேண்டியது சரியான அளவுக்குச் சாய்ந்திருக்கிறதா என்பதில்தான் வீடுகள் கோட்டை விடுகின்றன. குளியலறையில் தண்ணீர் மூலையில் தேங்குகிறது, மாடியில் தட்டோடு பதித்த பிறகும் குட்டை நிற்கிறது, கழிவுநீர்க் குழாய் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. “வாட்டம் விட்டிருக்கிறேன் மேடம்” என்று டைல்ஸ் பதிக்கிறவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும். எவ்வளவு ஒதுங்கியது, அது போதுமா என்பதைத்தான் வெறும் குமிழி சொல்லாது. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் குமிழிக்குப் பேச்சு இல்லை.

அதைப் பேச வைக்க ஒரு சின்னக் கட்டை போதும். வேலையிடத்தில் அங்குலக் கணக்குதான் நடக்கும்: குளியலறைக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம், அதாவது அறுபதுக்கு ஒன்று. நாலங்குலக் கழிவுநீர்க் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம், நாற்பதுக்கு ஒன்று. மாடித் தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், எண்பதுக்கு ஒன்று. இரண்டடி மட்டம் 600 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அறுபதுக்கு ஒன்று என்பது 10 மி.மீ., நாற்பதுக்கு ஒன்று என்பது 15 மி.மீ. மாடிக்கு நாலடி மட்டத்தை எடுத்துக்கொண்டால் அதற்கும் அதே 15 மி.மீ.தான். ஆகவே 5 மி.மீ., 10 மி.மீ. கனமுள்ள இரண்டு அக்ரிலிக் துண்டுகளைப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் கேட்டு வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். தனியாகவும் சேர்த்தும் வைத்தால் இந்த மூன்று அளவும் வந்துவிடும். மரத்துண்டு வேண்டாம், ஈரத்தில் உப்பிக் கனம் மாறும்.

தண்ணீர் ஓட வேண்டிய திசையில் மட்டத்தை வையுங்கள். பள்ளமான பக்கத்து முனைக்குக் கீழே துண்டைச் செருகுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் நீங்கள் கேட்ட அளவில் இருக்கிறது. துண்டு இருக்கும் பக்கம் குமிழி நகர்ந்தால் வாட்டம் போதாது. எதிர்ப்பக்கம், மேட்டுப் பக்கம், நகர்ந்தால் வாட்டம் தேவைக்கு மேல். எவ்வளவு கூடுதல் என்று தெரிய வேண்டுமானால் துண்டை எடுத்துவிட்டு, குமிழி நடுவுக்கு வரும்வரை பள்ளப்பக்க முனையைக் கையால் உயர்த்திப் பிடித்து, கீழே உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தால் போதும். அந்த இடைவெளியை மட்டத்தின் நீளத்தால் வகுத்தால் சாய்வு. ஒரு நண்பர் தன் வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தியபோது இப்படித்தான் பார்த்துக் கொடுத்தேன். மதுரையின் அட்சரேகை ஏறத்தாழ 10 பாகை என்பதால் தகடும் தெற்கு நோக்கி அதே அளவு சாய்ந்திருந்தால் நல்லது, 600 மி.மீ. மட்டத்துக்கு அது சுமார் 106 மி.மீ. இடைவெளி. டேப்பும் மட்டமும் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

குளியலறையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தண்ணீர் இறங்கும் சல்லடை மூலையில் இருந்தால் தரை இரண்டு திசையில் சரிய வேண்டும். எதிர் மூலையிலிருந்து குறுக்காக வரும் கோட்டிலும், கதவை ஒட்டிய ஓரத்திலும் மட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கதவோரம்தான் பெரும்பாலும் கைவிடப்படும் இடம். இதையெல்லாம் பார்க்க வேண்டிய நேரம் டைல்ஸ் பதித்த பிறகு அல்ல, கீழே கலவை போட்டு மட்டப்பலகையால் இழுத்துவிட்ட உடனே. அப்போது ஒரு கரணைக் கலவையை எடுத்தாலோ போட்டாலோ முடிந்துவிடும் வேலை, ஒரு வாரம் கழித்து உளியும் சுத்தியலும் கேட்கும். எங்களோடு வேலை செய்யும் கொத்தனார் அண்ணன் ஒருவர் முதலில் என் அக்ரிலிக் துண்டுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கண்ணே மட்டம்; அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் இல்லாத நாளில் வேலை செய்யும் இளைஞனுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லையே. “அண்ணே, இது உங்களுக்கு இல்லை, தம்பிக்கு” என்றேன். இப்போது அவரே மாடித் தளம் போடும்போது துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

கைப்பேசிச் செயலி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாகைக் கணக்கைப் பாருங்கள். நாற்பதுக்கு ஒன்று என்பது 1.43 பாகை. அறுபதுக்கு ஒன்று 0.95 பாகை. எண்பதுக்கு ஒன்று 0.72 பாகை. முழு எண்ணில் மட்டும் காட்டும் செயலி இந்த மூன்றையுமே “1” என்று காட்டும். கழிவுநீர்க் குழாய்க்கும் மாடிக்கும் வேறுபாடு தெரியாத கருவியை வைத்து நான் என்ன செய்வது? தசமப் புள்ளியோடு காட்டும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் கைப்பேசியின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு இருக்கிறது. உறையின் ஓரம் தேய்ந்திருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத பொருள் டைல்ஸின் ஓர் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாலே எண் மாறிவிடும். கைப்பேசியைப் படச்சட்டம் மாட்டப் பயன்படுத்துங்கள். வாட்டத்துக்கு வேண்டாம்.

சாய்வுதளங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்வுதளம் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது 2016-இல். ஒன்றரை அடி உயரப் பேஸ்மட்டத்துக்கு ஏற வேண்டுமானால் பதினெட்டு அடி நீளம் தேவை. வாசலில் அவ்வளவு இடம் இல்லை என்று எட்டு அடியில் முடித்துவிடுகிறார்கள். இரும்புக் கைப்பிடியும் வைத்து, சக்கர நாற்காலிப் படமும் வரைந்துவிடுகிறார்கள். இரண்டடி மட்டத்தோடு இரண்டு அங்குலக் கட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். பள்ளப்பக்க முனையில் அதை வைத்ததும் குமிழி நடுவிலோ கட்டையின் பக்கமோ நின்றால் அந்தத் தளத்தில் மனிதர் ஏற முடியும். மேட்டுப் பக்கம் ஓடினால் அது ஏறுவதற்குப் போட்ட தளமே அல்ல. ஒரு சிகிச்சை நிலையத்தின் வாசலில், வயதான தன் தாயாரின் நாற்காலியை ஒரு பெண் இரண்டு முறை முயன்றும் தள்ள முடியாமல் நின்றதைப் பார்த்து உதவி செய்த பிறகு, காரிலிருந்து மட்டத்தை எடுத்து வந்து அளந்தேன். இடைவெளி 80 மி.மீ. வந்தது. ஏழரைக்கு ஒன்று. நிர்வாகத்திடம் எண்ணை எழுதிக் கொடுத்தேன். “செங்குத்தாக இருக்கிறது” என்று சொன்னால் அது ஒருவரின் கருத்து. “600-க்கு 50 இருக்க வேண்டிய இடத்தில் 80 இருக்கிறது” என்றால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவில் இருக்கும் வங்கி, பள்ளி, கோயில் அலுவலகம் எதுவானாலும் அளந்து எழுதிக் கொடுங்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் டியூபுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் மலிவானது இதுதான், நீண்ட தூரத்துக்கு எல்லாவற்றையும்விடச் சரியானதும் இதுதான். ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரு முனைகளையும் மேலே தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். சுவர் குறுக்கே இருந்தாலும், அறை திரும்பினாலும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாவிட்டாலும் கவலை இல்லை. வீடு முழுக்க ஒரு மீட்டர் உயரத்தில் மட்டக் குறி போட இன்றும் எனக்கு இதுவே முதல் தேர்வு. கலங்கல் இல்லாத தரமான குழாயாக வாங்குங்கள். மலிவுக் குழாய் சில மாதத்தில் மஞ்சளித்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் போகும். ரசமட்டத்துக்கு உயிர் தரும் காற்றுக்குமிழி இங்கே பகை. குழாயின் நடுவில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டால் இரு பக்கத் தண்ணீரும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். அதனால் வாளியை உயரத்தில் வைத்து, மெல்ல உறிஞ்சி இழுத்து நிரப்ப வேண்டும். முழு நீளத்தையும் கண்ணால் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே உயரம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பிரிக்க வேண்டும். முனைகளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நடப்பவர்கள், குறி போடுவதற்கு முன் இரண்டு பேரும் விரலை எடுத்துவிட்டார்களா என்று குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்ளட்டும். தண்ணீரின் மேற்பரப்பு விளிம்பில் ஏறி நடுவில் இறங்கியிருக்கும். இருவரும் அடிப்பகுதியையே பார்க்க வேண்டும். குழாயின் பாதி வெயிலில் காய்ந்தால் அந்தப் பக்கத் தண்ணீர் லேசாகிச் சிறிது உயர்ந்து நிற்கும் என்பதால், இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

நூலில் தொங்கவிடும் மட்டம் விரல் நீளமே இருக்கும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதும், தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போதும், வேலிக்கல் நடும்போதும் உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நூல் நடுவில் தொய்யும். ஆகவே மட்டத்தைச் சரியாக நடுவில் தொங்கவிட வேண்டும். இரு முனையும் சம உயரத்தில் இருந்தால் தொய்வின் அடி நடுவில்தான் வரும், அங்கே நூல் சாயாது. ஓரத்தில் தொங்கவிட்டால் தொய்வையே சாய்வு என்று காட்டும். இதையும் ஒருமுறை திருப்பித் தொங்கவிட்டுப் பாருங்கள்.

வட்டக் குமிழி மட்டம் நில அளவைக் கருவிகளிலும் அளவுகோல்களிலும் பதித்திருப்பதே. எல்லாத் திசையிலும் சாய்வு ஒரே பார்வையில் தெரியும். தனியாக விற்கும் நாணய அளவு வட்டங்கள் துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் கால்களைத் திருகி நிறுத்தப் போதும். அடிப்பரப்பு சின்னது என்பதால் தரைக்கும் சுவருக்கும் எடுக்காதீர்கள்.

காந்தம் வைத்த குட்டி மட்டத்தைப் பிளம்பர்களுக்கும் இரும்பு வேலை செய்பவர்களுக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அடியில் குழாய் உட்காரும் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இரும்புக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். சில வகைகளில் நடுக்கோடுகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சோடிக் கோடு இருக்கும். குமிழி அதைத் தொட்டால் 2 சதவீதம், அதாவது ஐம்பதுக்கு ஒன்று வாட்டம். அந்தக் கோடு உள்ளதையே கேட்டு வாங்குங்கள்; வாங்கிய அன்றே என் அக்ரிலிக் துண்டு முறையில் 600-க்கு 12 மி.மீ. சாய்த்த பலகையில் வைத்து அந்தக் கோடு சரிதானா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு இது தேவைப்படாது. அந்தக் காசில் நல்ல டியூப் பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளலாம்.